மோதல் காரில் பிள்ளையார்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் தீம் பார்க்குக்குப் போன நாளின் படங்கள் எட்டு இருக்கின்றன. எட்டிலும் பிள்ளையார் இருக்கிறார். மோதல் காரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றும் கோப்பைக்குள் எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கிறார். குதிரை ராட்டினத்தில், படகு ஊஞ்சலில், பனி மூடிய கம்பி வேலிக்கு முன்னால், எல்லா இடத்திலும் ஐயா ஆஜர். நாள்காட்டியிலிருந்தும் பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்தும் கத்தரித்து ஒட்டியவர் என்பதால் படத்துக்குப் படம் நிறமும் அளவும் மாறும். ஒன்றில் தங்க நிறமாக இருப்பார், ஒன்றில் ரோஸ் கலரில்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையாருக்கும் பின்னால் ஓர் ஓட்டை இருக்கிறது. எட்டு ஓட்டையையும் போட்டவள் நான்.

அந்த இடத்தில் இருந்தவள் என் சித்தி மகள். சித்தி செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பன்காரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கையின் பிள்ளை, வேறு போக்கிடம் இல்லை. ஒரு துணிப்பையோடு சுங்கை பினாங்கில் எங்கள் ஆறாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். முறைப்படி அவள் எனக்குத் தங்கச்சி, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். முறையெல்லாம் வாய் வரைக்கும்தான். தரை துடைப்பது அவள், துணி காயப் போடுவது அவள், லிஃப்ட் கெட்டுப்போன நாளில் குப்பையை ஆறு மாடி கீழே தூக்கிக்கொண்டு போவதும் அவள். என் பழைய பள்ளிச் சட்டை அவளுக்குப் புதுச் சட்டை.

அப்பா ஓர் அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. ஒரு பள்ளி விடுமுறையில் அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்துக் குடும்பத்தோடு மலைமேல் இருந்த தீம் பார்க்குக்குப் போனார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள் ஏறலாம் என்று அட்டை கொடுத்தார்கள். நாங்கள் சரியாக மூன்று பேர்: அண்ணன், நான், தம்பி. அவளை ஏன் கூட்டிப்போனோம் என்றால், பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தம்பியைக் கக்கூசுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். முக்கியமாக, படத்துக்கு ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்தால் மூவரில் ஒருவர் போய்விடுவார். இது அம்மாவின் சட்டம். பக்கத்து வீட்டுச் சீனத்திக்கும் இதே சட்டம்தான். நடுவில் நிற்பவருக்குத்தான் கண்டம் என்பாள் அவள், யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்பாள் அம்மா, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவே வந்து நாலாவதாக நின்றிருக்கலாம். பல் எடுப்பு என்று அவள் எந்தப் படத்துக்கும் நிற்க மாட்டாள். அப்பா கையில் கேமரா. மிச்சம் யார் இருக்கிறார்கள்?

மலையில் அப்படி ஒரு குளிர். எங்கள் மூவருக்கும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரே மாதிரி சிவப்பு ஸ்வெட்டர் வாங்கியிருந்தார்கள். அவளுக்கு அம்மாவின் பழைய சால்வை. ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நாங்கள் வரிசையில் நின்று ஏறி உட்கார்வோம். அப்பா கேமராவை எடுத்துக்கொண்டு கம்பிக்கு வெளியே நிற்பார். உடனே அம்மா பெஞ்சிலிருந்து அவளைக் கூப்பிடுவாள்.

"ஏய், ஏறு. ஓடிப் போய் உக்காரு."

அவள் பைகளை வைத்துவிட்டு ஓடி வருவாள். எங்களோடு நெருக்கி உட்காருவாள். அட்டையைப் பார்க்கிற மலாய்க்காரரிடம் அப்பா, படம் மட்டும்தான், உடனே இறங்கிவிடுவாள் என்று சைகை காட்டுவார். அவள் சிரித்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. சிரிக்கவெல்லாம் வேண்டாம், சும்மா நின்றால் போதும், உட்கார்ந்தால் போதும், நேரமாகிறது என்பாள். கேமரா கிளிக் என்று சொன்னதும் அடுத்த சொல் ரெடியாக இருக்கும்.

"இறங்கு."

இறங்கிப் பெஞ்சுக்குப் போவாள். அதற்குப் பிறகுதான் ராட்டினம் சுற்றும். இப்படி ஏழு தடவை. ஏழு ஏறல், ஏழு இறங்கல். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு எங்களோடு சேர்ந்து எல்லாவற்றிலும் சுற்றியவள் மாதிரி இருப்பாள். ஒன்றில்கூடச் சுற்றியதில்லை.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்பட்டமான பொய். அவள் இறங்கினால் எனக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது, அதுதான் நிஜம். ஒரே ஒரு படத்தில் அவள் தோளில் கை போட்டேன். கம்பி வேலிக்கு முன்னால் நாலு பேரும் நின்ற படம். அன்றைக்குத்தான் அப்பா எனக்குச் சிவப்பு வார் வைத்த கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். அது படத்தில் விழ வேண்டும் என்று கையைத் தூக்கி அவள் தோளில் வைத்தேன்.

படங்கள் கழுவி வந்தன. கீழ் மாடி அக்கா ஒருத்தி பார்க்க வந்தாள். ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதுதான் உங்கள் மகளா, மூக்கும் முழியுமாக இருக்கிறதே என்று அம்மாவிடம் சொன்னாள். விரல் சித்தி மகள் மேல் இருந்தது. அப்புறம் விரல் என்மேல் நகர்ந்தது. "இது யாரு, சொந்தக்காரப் பிள்ளையா?"

அம்மா சிரித்துச் சமாளித்தாள்.  சித்தி மகள் அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றாள். அந்த முகத்தில் சந்தோஷம் தெரிந்ததா இல்லையா என்று இன்றைக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் சவர பிளேடை எடுத்தேன். பூகோளப் புத்தகத்தை அடியில் வைத்து ஒவ்வொரு படமாக வெட்டினேன். முடி ஓரம், கன்ன ஓரம், சால்வையின் குஞ்சம், எல்லாம் பிசகாமல் வெட்டினேன். இன்றுவரை அவ்வளவு சுத்தமாக வேறு எந்த வேலையும் நான் செய்ததில்லை. வேலி முன்னால் எடுத்த படத்தில் மட்டும் என் கையைப் பிரிக்க முடியவில்லை. கையும் அவளோடு போகட்டும் என்று மணிக்கட்டோடு வெட்டிவிட்டேன். எட்டுத் துண்டையும் அடுப்படிக் குப்பையில் போட்டேன்.

அம்மா சாயங்காலம் ஆல்பத்தைத் திறந்தாள். அறை விழுந்தது, காதில் ரீங்காரம் கேட்டது. அவளை வெட்டியதற்காக விழுந்த அறை என்று நினைத்தீர்களானால் எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாது.

"பாவி, மூணு பேரா ஆக்கிட்டியேடி. எட்டுப் படத்துலயும்."

உடனே எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். வெளி ஆள் முகத்தை ஒட்ட முடியாது. அம்மாவுக்குத் தோன்றியது பிள்ளையார். மேசை இழுப்பறையில் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன, சாமி படம் போட்டது என்பதால் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். கத்தரித்து எடுத்தாள். வீட்டில் பசை இல்லை. அடுப்படியைப் பார்த்து அவளைத்தான் கூப்பிட்டாள். ஒரு பிடி சோற்றைக் குழைத்துக் கொண்டு வா என்றாள்.

கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தாள். தான் இருந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் பெரியம்மா பிள்ளையாரை வைத்து அழுத்துவதைப் பார்த்தாள்.  சோறு பற்றவில்லை, இன்னும் கொஞ்சம் கொண்டு வா என்று அம்மா சொன்னதும் போய்க் கொண்டு வந்தாள். அன்றைக்கு இரவு குப்பையைக் கீழே கொண்டு போனதும் அவள்தான். அதைப் பற்றி நான் நாற்பது வருடமாக நினைக்கவே இல்லை.

பதினேழு வயதில் அவள் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே மாடியில் தங்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. அப்போதைக்குத் தம்பி வளர்ந்திருந்தான், படம் எடுக்கும் ஆசையும் எங்களுக்குப் போயிருந்தது.

அண்ணன் இருபத்து நாலு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்தான். பதினாறாம் நாள் முடிந்து வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தபோது அம்மா அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மோதல் கார் படத்தில் சோற்றுப் பசை காய்ந்து பிள்ளையார் விழுந்திருந்தார். படத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அம்மா என்னை விரலால் காட்டி, இவள்தான் வெட்டினாள் என்று எல்லாரிடமும் சொன்னாள். பிறகு உட்கார்ந்து, நல்ல கோந்து வாங்கி வரச் சொல்லி, எட்டுப் பிள்ளையாரையும் திரும்ப ஒட்டினாள். அந்தக் கோந்து இன்றைக்கும் விடவில்லை. அந்தப் பேச்சையும் அம்மா விடவில்லை. இப்போது எண்பத்திரண்டு வயது, காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மறந்துவிடும், இது மட்டும் மறக்காது.

இத்தனையும் சொன்னது போன மாதம் வந்த ஒரு போனுக்காக. சித்தி மகள்தான் பேசினாள். அவள் மகளுக்குக் கல்யாணம். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது, தனியாக நின்று எல்லாம் செய்கிறாள், அந்தப் புடவைக் கடையிலேயே இன்றைக்கு ஒரு மாடி முழுவதும் அவள் பொறுப்பு. பத்திரிகை வைக்க வருகிறேன் என்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

மத்தியான விருந்தில் பெரிய திரையில் படங்கள் போடுவார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணத்தில் அதெல்லாம் இல்லாமல் இல்லை. மகள், அம்மாவுடைய சின்ன வயதுப் படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். இவளிடம் ஒன்றுகூட இல்லையாம். சின்ன வயதில் இவளைக் கேமரா முன்னால் நிறுத்தியது எங்கள் வீட்டில் மட்டும்தான், அதுவும் அந்த ஒரு நாள்.

"அக்கா, தீம் பார்க் போட்டோ இருக்குமா? நான் எல்லா ரைடும் ஏறினேன்னு மககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அதுல பார்த்தா அப்படித்தானே இருக்கும்."

இருக்கும், தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த வாயால் சொன்னேனோ.

நான் இப்போது இருக்கிற செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி அம்மா வீட்டுக்குப் போனேன். ஆல்பம் அலமாரியில் இருந்தது. வேலி முன்னால் எடுத்த படத்தில் பிள்ளையாரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பின்னால் ஆல்பத்தின் கறுப்பு அட்டை தெரிந்தது. வேறென்ன தெரியும்? பிஸ்கட் டின்னில் நெகட்டிவ் சுருள் இருந்தது, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பிரித்தேன், உடைந்தது.

அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையாரைப் பிய்க்காதே என்றாள். அண்ணனைத் தின்றது போதாதா என்றும் கேட்டாள்.

பேசாமல் சித்தி மகளைக் கூப்பிட்டு, நான்தான் வெட்டினேன், பதிமூன்று வயதில் பொறாமை, மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வார்த்தை? ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். எனக்கு ஐம்பத்து நாலு வயது, அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறவள், வாய் இல்லை என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. போனை எடுத்தேன்.

"போட்டோவெல்லாம் வெள்ளத்துல போச்சுலா. அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சுங்கை பினாங்கில் வெள்ளம் வரும், உண்மைதான். கீழ்த் தளத்தில் மோட்டார் சைக்கிள் மிதக்கும், குப்பைத் தொட்டி மிதக்கும். ஆறாவது மாடிக்கு எப்படி வரும்? அதுவும் யாரிடம் சொல்கிறேன்? அந்த ஆறு மாடியையும் குப்பைப் பையோடு ஏறி இறங்கியவளிடம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

 "அப்படியாக்கா," என்றாள். "பெரியம்மா நனையாம இருந்தாங்களே, அது போதும்."

கிண்டல் என்று சொல்ல முடியாத குரல். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நம்பிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதனுக்கு வெட்கம் இல்லாவிட்டால் தூக்கம் நன்றாக வரும், அந்த வாரம் எனக்கு நன்றாக வந்தது.

கல்யாணம் காலையில் கோயிலில் நடந்தது. மத்தியான விருந்து எங்கள் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்களுக்கு முதல் வரிசை போட்டிருந்தாள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் நிறுத்தினேன். தம்பி ஆஸ்திரேலியாவில், வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். முதலில் மாப்பிள்ளையின் குழந்தைப் படங்கள், அப்புறம் பெண்ணுடையவை. பிறகு திரை வெள்ளையாயிற்று. வெள்ளைக்கு நடுவில் சால்வை போர்த்திய ஒரு சின்னப் பெண் வந்தாள். உட்கார்ந்திருந்தாள், அடியில் ஒன்றும் இல்லை. கார் இல்லை, குதிரை இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்தது இன்னொன்று. முடி ஓரம், கன்ன ஓரம், சால்வையின் குஞ்சம், எல்லாம் பிசகாமல். அந்த வெட்டு என்னுடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எட்டுத் துண்டையும் குப்பையிலிருந்து எடுத்து நாற்பது வருடம் வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் துண்டு இருந்தது, என்னிடம் ஓட்டை இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் போன் செய்திருக்கிறாள். என்ன சொல்வேன் என்று பார்த்திருக்கிறாள். நானும் சொன்னேனே, வெள்ளம் என்று.

மணப்பெண் மைக்கைப் பிடித்தாள். "இது எங்கம்மா, தீம் பார்க்ல. எல்லா ரைடும் ஏறியிருக்காங்க. மத்தவங்க யாரும் தேவையில்லைன்னு அம்மாவே வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்களாம்."

மண்டபம் சிரித்தது, கை தட்டியது. யாரோ நல்ல டிசைன் என்றார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் எப்படி இருப்பது. கடைசிப் படம் வந்தது. அவள் நின்றிருந்தாள், தோளில் ஒரு கை மட்டும். உடம்பு இல்லாத கை, மணிக்கட்டோடு நின்றது. சிவப்பு வார் கடிகாரம் திரையில் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள். "இது யாரு கை? உன் வாட்சு மாதிரி இருக்கு."

பின் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. நான் அம்மாவின் தண்ணீர்ப் புட்டியைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

விளக்குப் போட்டதும் மேடையில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எடுத்து முடித்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் மணமக்களோடு அவள் ஒருத்திதான். மணப்பெண், மாப்பிள்ளை, அவள். போட்டோகிராஃபர் கேமராவைத் தூக்கினான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மூணு பேரா நிக்கக் கூடாதுன்னு பெரியம்மா சொல்வாங்கல்ல. வந்து ஏறுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் கொடுத்திருப்பேன், எனக்கு அது வரும். அவள் குரலில் ஒன்றுமே இல்லை. பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். அம்மா பக்கத்தில் பெருமையாகத் தலையாட்டி, போ, போய் நில் என்று என்னைத் தள்ளினாள். நான் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடை ஏறினேன். ஓரமாக, அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

போட்டோகிராஃபர், ஆண்ட்டி கொஞ்சம் சிரிங்க என்றான்.

"சிரிக்கவெல்லாம் வேணாம் தம்பி," என்றாள் அவள், கேமராவைப் பார்த்தபடியே. "சும்மா நின்னா போதும்."

மூன்று தடவை கிளிக் ஆயிற்று. அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்துக்கு நேராக நாற்பது வருடம் கழித்து அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கீழ் மாடி அக்கா சொன்னது சரிதான், இன்றைக்கும் மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறாள்.

"இறங்கிக்குங்கக்கா," என்றாள்.

மூன்று படிதான். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இறங்கினேன்.